உளி தீட்டும் கல்லும் நீதிமொழிகளின் ஒரு வசனமும்: ஒரு தச்சனின் மதிப்புரை

துகளின் நுண்மையைக் காட்டும் எண் ஒரு முகத்தில் 1000, மறுமுகத்தில் 6000 என்று இரட்டை முகம் கொண்ட நீர்ச்சாணைக்கல் ஒன்றைச் சில மாதங்களாகப் பட்டறையில் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். கல் நல்ல கல். அதோடு பெட்டியில் வருகிற ரப்பர் தாங்கியும், கோணம் பிடிக்கத் தருகிற பிளாஸ்டிக் துண்டும் எதற்கும் உதவாதவை. துண்டுப் பிரசுரத்தில் உள்ள குறிப்புகளில் பாதியைத்தான் நம்பலாம்.

நான் தச்சுவேலை செய்கிறவன். சபையில் வேதபாட வகுப்பும் எடுக்கிறேன். அதனால் கல்லைப் பற்றிய இந்தப் பேச்சில் வேதமும் சேர்ந்தே வரும். சிறுவயது முதல் மனப்பாடமாக இருந்த ஒரு வசனத்தை இந்தக் கல்லின் முன் நின்ற வேளையில்தான் நான் சரியாகப் படித்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கல் எனக்குத் தந்ததில் பாதியை மறைத்தவன் ஆவேன்.

முதலில் கல். இந்த வகைக் கற்களில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள்களைப் பசையோடு சேர்த்துச் சுட்டிருப்பார்கள். எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். 1000-இல் துகள் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து மைக்ரான் இருக்கும். 6000-இல் இரண்டு மைக்ரான் அளவுதான். 1000 முகம் உளியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, உருவாக்கும்; 6000 முகம் அதை மெருகேற்றும். 1000 முகத்தை நீரில் அமிழ்த்திக் குமிழிகள் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். 6000 முகத்தையும் அப்படியே ஊறவைக்கச் சொல்கிறது பிரசுரம். செய்யாதீர்கள். ஏற்கெனவே மென்மையான முகம் அது. ஊறினால் இன்னும் இளகி, உளியின் முனை பட்ட இடமெல்லாம் குழி விழுகிறது. மேலே நீர் தெளித்தாலே போதும். தீட்டத் தீட்டக் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு சேறு சேரும். புதிதாகப் பிடிப்பவர்கள் அதை அழுக்கென்று கழுவிக்கொண்டே இருப்பார்கள். கல்லிலிருந்து உதிர்ந்த துகளும் எஃகிலிருந்து தேய்ந்த பொடியும் சேர்ந்தது அந்தச் சேறு. வேலையில் பங்கு அதற்கும் உண்டு. இருக்க விடுங்கள்.

கடையில் வாங்கிய புது உளி அப்படியே வேலைக்கு ஆகாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதன் தட்டையான பின்பக்கத்தில் தொழிற்சாலைச் சக்கரம் விட்ட கோடுகள் இருக்கும். அந்தப் பக்கத்தை, வாயையொட்டி ஒரு விரல் அகலத்துக்காவது, முதலில் சமப்படுத்த வேண்டும். பிறகு மறுபக்கத்தில் வாயை நோக்கிச் சாய்ந்து இறங்கும் சரிவை 25 டிகிரிக்குப் பிடித்து 1000-இல் தேய்க்க வேண்டும். வன்மரத்தில் வேலை என்றால் நுனியில் மட்டும் 30 டிகிரிக்கு இன்னொரு சிறு சரிவு கொடுப்பேன். அப்போது வாய் பொடியாமல் நிற்கும். இந்தக் கல்லின் 1000 முகம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறது. எஃகைச் சளைக்காமல் கடிக்கிறது, வழுக்குவதில்லை. இதே எண் போட்ட வேறு கற்களில் கண்ணாடியில் தேய்ப்பதுபோல் உளி சறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

கூர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தொழிலுக்குப் புதியவர்கள் கேட்பதுண்டு. மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும். மரத்துக்குள் இறங்காததால் அதிகமாக அழுத்துவோம், அழுத்தும்போது சறுக்கும், சறுக்கினால் எதிரில் இருப்பது இடக்கை. பிரசங்கி 10:10 இதை அப்படியே சொல்கிறது: “இருப்பு ஆயுதம் மழுங்கலாயிருக்க, அதை ஒருவன் தீட்டாமற்போனால், அதிக பலத்தைப் பிரயோகம்பண்ணவேண்டியதாகும்.” எழுதியவர் பட்டறையில் நின்று பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊழியத்தில் சோர்ந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது இந்த வசனம் நினைவுக்கு வரும். ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் நேரம் இல்லாமல்போன நாட்களை, இன்னும் இரண்டு கூட்டம் நடத்தி ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். தீட்டுகிற நேரமும் வேலை நேரத்தில் சேர்த்தி என்பதை எந்தத் தச்சனும் சொல்வான்.

வெளியே கொடுத்துச் சாணை பிடித்துக்கொள்ளலாமே, சொந்தமாகக் கல் எதற்கு என்றும் கேட்கலாம். முதலாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. இஸ்ரவேல் தேசத்தில் கொல்லனே இல்லாதபடி பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள். கொழுவையோ கோடரியையோ தீட்ட வேண்டுமானால் எதிரியிடமே இறங்கிப் போக வேண்டும். யுத்தநாள் வந்தபோது சவுலுக்கும் யோனத்தானுக்கும் தவிர வேறு யார் கையிலும் பட்டயமும் ஈட்டியும் இல்லை. உளியை வெளியே கொடுத்தால் திரும்பி வரும்வரை வேலை நிற்கும். வருகிற உளி எந்தக் கோணத்தில் வரும் என்பது கொடுத்தவன் கையில் இல்லை. அன்றாடம் வேதத்தை எடுத்து வைத்துத் தானே வாசிக்காமல், வாரத்துக்கு ஒரு பிரசங்கத்தை நம்பியே இருக்கிற விசுவாசிக்கும் இதே நிலைதான்.

இனி நான் சொல்ல வந்த வசனத்துக்கு வருகிறேன். நீதிமொழிகள் 27:17: “இரும்பை இரும்பு கருக்கிடும், அப்படியே மனுஷனும் தன் சிநேகிதனுடைய முகத்தைக் கருக்கிடுகிறான்.” கருக்கிடுதல் என்றால் கூராக்குதல். கூட்டங்களில் இதை நான் கேட்ட தடவைகளில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் இன்னொருவரைக் கடிந்துகொள்ளத் தொடங்கும் முன்புதான். ஒரு ஜெபக்கூட்டத்தில் நடந்ததை மறக்க முடியவில்லை. சபைக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்த ஓர் இளைஞனை எல்லார் முன்பும் எழுந்து நிற்கச் சொல்லி, ஆராதனை நாளில் வேலைக்குப் போவது ஏன் என்று ஒரு பெரியவர் கேட்டார். இந்த வசனத்தையும் சொல்லித்தான் ஆரம்பித்தார். சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அவன் போகத்தான் செய்தான். அவன் தகப்பனார் படுக்கையில் கிடந்தார் என்பதும் அந்த வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதற்கு முன் யாரும் அவனைத் தனியே உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவன் மறுபடி வரவில்லை.

இதற்கும் சாணைக்கல்லுக்கும் என்ன தொடர்பு என்றால், பட்டறையில் இயந்திரச் சாணையும் இருக்கிறது. மின்சாரத்தில் சுழல்கிற சக்கரம். கல்லில் அரைமணி நேரம் ஆகிற வேலையை அது கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். தீப்பொறி பறக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் உளியின் நுனி மெல்லியது, சூடு ஏறினால் ஒதுங்க அதற்கு இடம் இல்லை. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் எஃகின் மேல் நீலம் பூக்கும். அந்த நீலத்தைப் பார்த்தால் பதம், அதாவது எஃகுக்கு ஏற்றியிருந்த உறுதி, போய்விட்டது என்று அர்த்தம். சாதாரணக் கரிம எஃகில் அதன்பின் நீங்கள் எவ்வளவு தீட்டினாலும் கூர் வரும், நிற்காது. இரண்டு தட்டுக்குள் வாய் மடங்கிவிடும். நீலம் பட்ட பகுதி முழுவதும் தேய்ந்து தீரும்வரை அந்த உளிக்குப் பழைய உறுதி திரும்பாது. சாணை பிடித்தவனோ கூராக்கிக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் இருப்பான்.

நீர்ச்சாணைக்கல்லில் இது நடக்காது. கையின் வேகத்துக்கு எஃகு சூடாகாது. நீர் வேறு எப்போதும் இடையில் இருக்கிறது. கருக்கிடுதல் என்றாலே தீப்பொறி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருநாளாவது இந்தக் கல்லில் நின்று பார்க்க வேண்டும். பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார், ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் “சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்” என்று. நம் ஆண்டவர் சொன்ன ஒழுங்கும் அதுவே: “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்று மத்தேயு 18-இல் தொடங்குகிறார். தம்மைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவை அவர் நடத்திய விதத்தைப் பாருங்கள். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, முதலில் சாப்பிட வரச் சொன்னார். போஜனம்பண்ணின பின்புதான் கேள்வி. அந்தக் கேள்வியும் “ஏன் மறுதலித்தாய்” என்பதாக இல்லை, “என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்றே இருந்தது. பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார்; தேய்மானம் இல்லாமல் கூர் இல்லைதான். ஆனால் பதம் போகவில்லை.

அதே பேதுருவைப் பவுல் அந்தியோகியாவில் எல்லார் முன்பும் எதிர்க்கவில்லையா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எதிர்த்தார். அங்கே தவறு எல்லார் கண்முன் நடந்தது, பர்னபா உட்படப் பலரை அது இழுத்துக்கொண்டும் போனது. ஆணியில் பட்டு வாய் உடைந்த உளியை நானும் இயந்திரச் சாணைக்குத்தான் கொண்டு போகிறேன். உடைந்த அளவு எஃகைக் கல்லில் தேய்த்து எடுக்க நாள் போதாது. அப்போதும் ஒரு தொடுகைக்கு ஒருமுறை தண்ணீரில் நனைப்பேன். விரலால் தொட முடியாத சூடு வந்துவிட்டால் நிறுத்திவிடுவேன். உடைந்ததற்கு உரிய வைத்தியத்தை, வெறுமனே மழுங்கியதற்குச் செய்யக் கூடாது.

எப்போது நிறுத்துவது என்பதையும் இந்தக் கல் தெளிவாகக் காட்டுகிறது. 1000-இல் சரிவைத் தேய்த்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் வாய்க்குப் பின்புறம் பிசிர் எழும். கண்ணுக்குத் தெரியாது. பெருவிரலைப் பின்பக்கத்தில் வைத்து வாயை நோக்கி மெதுவாக வெளியே இழுத்தால், மெல்லிய ஒரு கம்பி தடுப்பதுபோல் விரலில் படும். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அது விடாமல் பட்டால் அந்த முகத்தில் வேலை முடிந்தது. அதற்கு மேல் தேய்ப்பது நல்ல எஃகை வீணாக்குவது. பிறகு 6000-க்குத் திருப்பி, ஏறக்குறைய அழுத்தமே இல்லாமல், சரிவும் பின்பக்கமும் மாறி மாறிச் சில இழுப்புகள், பிசிர் உதிர்ந்துவிடும். பைன் போன்ற மென்மரத்தின் ரேகைக்குக் குறுக்காக வெட்டிய முனையில் வைத்துச் சீவிப் பார்ப்பேன். மழுங்கிய உளி அந்த நார்களை நசுக்கிப் பொடியாக்கும். இந்தக் கல்லிலிருந்து வந்த உளி, வெட்டிய இடம் பளபளக்கும்படி, கிழியாத சீவலை எடுத்தது. கழுந்தும் துளையும் பொருந்துகிற இடத்தில் அந்தச் சுத்தம் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே 6000 முகத்தின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆண்டவரை ஊரார் “இவன் தச்சன் அல்லவா” என்று கேட்டதாக மாற்கு எழுதியிருக்கிறார். அவர் எந்தக் கல்லில் தீட்டினார் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. ஆனால் தீட்டியிருப்பார், தீட்டாமல் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தள்ள முடியாது. அவருடைய விரலும் இந்தப் பிசிரை அறிந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

குறைக்கு வருகிறேன். இந்தக் கல் சீக்கிரம் குழிகிறது. ஒரே அமர்வில் நான்கைந்து உளிகளைத் தீட்டினால் நடுவில் பள்ளம் விழுந்துவிடும். குழிந்த கல்லில் எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் உளியின் வாய் அந்தக் குழிவின் வடிவத்தையே வாங்கிக்கொள்ளும். ஆகவே கல்லையும் சமப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முகம் முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தடித்த கண்ணாடியில் ஒட்டிய நீர் உப்புத்தாளின் மேல் தேயுங்கள். கோடுகள் ஓரத்தில் முதலில் அழியும், நடுவில் பிடிவாதமாக நிற்கும்; எல்லாம் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. வைரத்தகடு இருந்தால் வேலை இன்னும் எளிது. சிலர் இதை இந்தக் கல்லின் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துகள் உதிர்ந்து புதுத்துகள் வெளிவருவதால்தான் அது இவ்வளவு நன்றாகக் கடிக்கிறது. உதிராத கல் சீக்கிரமே வழவழப்பாகிவிடும். பிறரைச் சீர்ப்படுத்தும் பொறுப்பில் இருக்கிறவர்கள் இந்தப் பென்சில் கோட்டு வேலையை விடாமல் செய்யவேண்டும் என்பதே என் மன்றாட்டு. மற்றவர்களுக்குப் பிரசங்கம்பண்ணுகிற தானே ஆகாதவனாய்ப் போய்விடக் கூடாதே என்று பவுலே பயந்தார். குழிந்த போதகனிடம் தீட்டப்பட்ட பிள்ளைகள் அந்தக் குழிவோடுதான் போவார்கள்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில: ரப்பர் தாங்கி ஈரத்தில் வழுக்குகிறது, மேசையில் இரண்டு மரச்சட்டங்களை அடித்து அதற்கிடையில் கல்லை இறுக்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கோணத்துண்டு கல்லையே உரசித் தேய்ந்துபோகிறது. கோணம் கைக்குப் பழகும்வரை, உளியைக் கவ்விப் பிடிக்கிற சிறு சக்கரம் வைத்த உலோக வழிகாட்டியைத் தனியே வாங்குவது நல்லது. ஈரத்தோடு பெட்டியில் வைத்து மூடாதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள்; இரு முகங்களும் ஒட்டிய இடத்தில் விரிசல் விடலாம். சமையலறைக் கத்திகளுக்கு மட்டும் வேண்டுமென்றால் 1000 முகமே தாராளம். முழுநேரத் தச்சர்களுக்கு, கை இருப்பு இடம்கொடுத்தால், இரண்டு எண்களையும் தனித்தனிக் கற்களாக வாங்கச் சொல்வேன்; இரட்டைக் கல்லில் 1000 முகம்தான் முதலில் தேய்ந்து தீரும், அப்போது 6000 முகம் பாதி ஆயுளோடு மெலிந்து கையில் நிற்கும். நான் அடுத்தமுறை அப்படித்தான் வாங்கப்போகிறேன்.