முன்பணம் கட்டி ஆறு மாதம்: எங்கள் தெரு ஃபைபர் இணைப்பு

மதுரையில் எங்கள் தெரு கேபிள்காரரிடம் ஃபைபர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 599 ரூபாய் பிளான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 707. வேகத்தில் குறையில்லை, மகளின் ஆன்லைன் வகுப்பு ஒருநாளும் திக்கியதில்லை.

குறை பணம் வாங்கும் முறையில்தான். 30 நாளுக்கான பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 30வது நாள் இரவு 12 மணிக்கு லைன் சட்டென்று நின்றுவிடும். ஐப்பசி மழையில் கம்பி அறுந்து நான்கு நாள் நெட் இல்லை. கணக்குப் போட்டால் 94 ரூபாய் நஷ்டம். ஐந்து முறை போன் செய்த பிறகு, "சரிக்கா, ரெண்டு நாள் தள்ளிப் போடுறேன்" என்றார். மீதி இரண்டு நாள்? அவரிடமே கேளுங்கள்.

பழைய லேண்ட்லைன் இணைப்பில் மாதம் முடிந்துதான் பில் வரும். ரிப்பேர் என்றால், பில் கட்டும்போது வாதாடப் பணம் நம் கையில் இருந்தது. ஆனால் டேட்டா அளவு தாண்டியது பில்லைப் பார்த்துத்தான் தெரியும். ஒரு கோடை விடுமுறையில் அண்ணன் பிள்ளைகள் வந்துபோன பிறகு வந்த பில் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் இதையே வைத்திருக்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.