கெஜரேட்டர் கட்டி நான்கு வருஷம்

கொலராடோவில், லாங்மாண்ட் ஊரில், எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நானே கட்டிய கெஜரேட்டர் (பீர் பீப்பாயை உள்ளே குளிர வைத்து, மேலே உள்ள குழாயில் பீர் பிடித்துக்கொள்ளும் ஃபிரிட்ஜ்) ஓட ஆரம்பித்து நான்கு வருஷம் முடிந்துவிட்டது. முதல் மூன்று மாதம் அதிலிருந்து ஒரு கிளாஸ் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. முக்கால் கிளாஸ் நுரை, அடியில் இரண்டு விரற்கடை பீர். பீரைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தம் அதிகம் என்று நினைத்து, அதை அளவாக விடும் ரெகுலேட்டரைக் குறைத்தேன். நுரை அடங்கவில்லை. இன்னும் குறைத்தேன். சில வாரத்தில் கெக்கில் (பீர் நிரப்பும் உலோகப் பீப்பாயில்) இருந்த பீர் முழுக்க வாயு இறங்கி உயிரில்லாமல் போனது, ஆனால் கிளாஸில் மட்டும் நுரை அப்படியே. இதே தவறைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் ஊர்க்கதை. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்திய அரசு அளவில் அனுமதித்த சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978 அக்டோபரில். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை, விற்கக் கூடாது. அதே 1978-இல்தான் சார்லி பப்பாசியன் வீட்டு பீர்க்காரர்களுக்கான சங்கத்தை இங்கிருந்து அரை மணி தூரத்தில் உள்ள போல்டரில் தொடங்கினார். அதனால் இந்தப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது காய்ச்சுகிறவர் இருப்பார். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படிப்பட்டவர். எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது.

ஃபிரிட்ஜ், பழையது, 4.4 கன அடி, உள்ளே ஃபிரீசர் பெட்டி இல்லாத மாடல். ஃபிரீசர் பெட்டி உள்ளதை வாங்கி அந்தத் தகட்டை வளைக்கப் போனால் குளிரூட்டி ஓடும் குழாய் விரிசல் விட்டு ஃபிரிட்ஜே போய்விடும். ஃபிரிட்ஜின் தலையில் டவருக்கு (பீர்க் குழாய் பொருத்தும் கம்பத்துக்கு) துளை போடும்போதும் அதே பயம்தான். அதற்குப் பெரியவர் காட்டிய வழி: கார்ன்ஃப்ளார் மாவை ரப்பிங் ஆல்கஹாலில் (மருந்துக்கடை ஸ்பிரிட்டில்) தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபிரிட்ஜின் மேல்தகட்டில் மெல்லிசாகப் பூசினோம். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் தகட்டுக்கடியில் சூடான குழாய் இருந்தால் அந்த இடம் முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். எங்களுக்குப் பக்கச் சுவரை ஒட்டி இரண்டு கோடுகள் கோலம் இழுத்த மாதிரி எழும்பின. நடுவில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் ஒரேயடியாகத் துளைக்கவில்லை. மேல்தகட்டை மட்டும் ஹோல் சாவால் (வட்டமாக வெட்டும் ரம்பத்தால்) வெட்டி, உள்ளே இருந்த ஃபோமைக் கையால் சுரண்டி, எதுவும் குறுக்கே இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் உள் பிளாஸ்டிக்கை வெட்டினோம்.

மற்றதெல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை. 19 லிட்டர் கார்னி கெக் (வீட்டு பீர்க்காரர்கள் பயன்படுத்தும் ஒல்லியான ஸ்டீல் கெக்) இரண்டு, 5 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், இரண்டு வெளிவழி உள்ள ரெகுலேட்டர், இரட்டைக் குழாய் டவர்.

இப்போது நுரைக்கு வருகிறேன். என் புலம்பலைக் கேட்ட பெரியவர், "ரெகுலேட்டரைத் தொடாதே, முதலில் நுரை எங்கே பிறக்கிறது என்று பார்" என்றார். ஒரு சாதாரண பிளாஸ்டிக் பிக்னிக் டேப்பை (ஹோஸ் நுனியில் கையால் அழுத்தித் திறக்கும் குழாயை) ஃபிரிட்ஜுக்குள்ளேயே கெக்கில் மாட்டிப் பிடித்தோம். கண்ணாடி மாதிரி பீர், மேலே ஒரு விரல் நுரை. கெக்கிலும் குறையில்லை, அழுத்தத்திலும் குறையில்லை, குறை டவரில்.

உள்ளே 3 டிகிரி. டவரின் உச்சியில் தெர்மாமீட்டரை இறக்கினால் 14 டிகிரி. ஒரு அடி உயர டவருக்குள், கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் ஹோஸில் நிற்கும் பீரை அளந்தால் ஒரு டீஸ்பூன்தான் தேறும். அந்த ஒரு டீஸ்பூனும் அதைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான உலோகமும் போதும். குளிர்ந்த பீர் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். சூடு பட்டதும் விட்டுவிடும். வெளிவந்த குமிழிகள் பின்னால் வருகிற பீரையும் நுரைக்க வைக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் ஹோஸிலேயே வாயு பிரியத் தொடங்கி நிலைமை மோசமாகும். நான் மூன்று மாதம் செய்தது அதைத்தான்.

தீர்வு மலிவானது. 12 வோல்ட் சின்ன புளோயர் ஒன்று. அதிலிருந்து அரை அங்குல ஹோஸ், பீர் ஹோஸோடு சேர்த்துக் கட்டி குழாயின் அடிக்கழுத்து வரை. ஃபிரிட்ஜின் குளிர்காற்று மேலே போய் டவர் வழியாகவே கீழே திரும்பும். மறுநாள் காலை டவர் உச்சியில் 5 டிகிரி. நாளின் முதல் கிளாஸே சரியாக வந்தது அன்றுதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த புளோயர் நான்கு வருஷமாக நிற்காமல் ஓடுகிறது. டவர் வாங்கும் நாளிலேயே இதையும் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று ஹோஸின் நீளம். கிட்டோடு வந்தது 5 அடி. 3/16 அங்குல உள்விட்டத்தில் 10 அடி போட்ட பிறகுதான் ஓட்டம் நிதானமானது. இப்போது 16 அவுன்ஸ் கிளாஸ் நிரம்ப எட்டு விநாடி. எங்கள் ஊர் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எந்தக் குளிருக்கு எவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் அட்டவணையில் உள்ள 12 பிஎஸ்ஐயோடு (பிஎஸ்ஐ அழுத்தத்தின் அலகு) இன்னும் இரண்டரை சேர்த்து வைக்கிறேன். கடல்மட்டத்தில் இருப்பவர்கள் இதைக் காப்பியடிக்க வேண்டாம்.

கெட்ட அனுபவங்களும் உண்டு. நிரப்பிக் கொண்டுவந்த சிலிண்டர் ஒரே இரவில் காலி. ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள நைலான் வாஷர் மடங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்திருந்தால் குமிழி அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். பணத்தைவிட எனக்குப் பதறியது வேறு விஷயத்துக்கு. 5 பவுண்டு வாயு வெளியே வந்தால் ஏறக்குறைய 1,200 லிட்டர். காற்றைவிடக் கனமானது, பேஸ்மென்ட்டில் தரையோடு தங்கும். பிள்ளைகள் விளையாடும் இடம் அது. அந்த வாரமே தரைக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அலாரம் மாட்டினேன். அது இல்லாமல் பேஸ்மென்ட்டில் கெஜரேட்டர் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஊருக்குக் கிளம்பும்போது சிலிண்டரை மூடிவிடுவதும் இப்போது பழக்கமாகிவிட்டது.

ஒரு முறை ஐந்து வாரம் மதுரையில் இருந்துவிட்டுத் திரும்பினோம். பீரில் வெண்ணெய் வாடை, பின்னாலேயே லேசான புளிப்பு. குழாயைக் கழற்றினால் மூக்குக்குள் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஒரு படலம், பல்குச்சி விட்டால் நூலாக வந்தது. கிட்டோடு வந்த குழாய்கள் பின்பக்கம் அடைபடும் வகை. மூடிய பிறகும் உள்ளே பீர் தங்கிக் காய்ந்து கைப்பிடி ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் அடைபடும் ஸ்டீல் குழாய்க்கு மாறியதில் அந்தத் தொல்லை ஒழிந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலை ஓடவிட்டு நல்ல தண்ணீரில் அலசுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உள்ளே கெட்டியாகப் படியும் பீர்க்கல்லை நீக்க அமிலம். கையுறை, கண்ணாடி கட்டாயம். இந்த வேலைக்கு மனசில்லை என்றால் பாட்டில் பீரே மேல். உண்மையாகவே சொல்கிறேன்.

இரண்டாவது குழாயில் பன்னீர் சோடா ஓடுகிறது. சோடாவுக்கு 30 பிஎஸ்ஐ வேண்டும் என்பதால் அதற்குத் தனி ரெகுலேட்டரும் 25 அடி ஹோஸும். பன்னீர் வாசம் ஹோஸில் ஏறினால் கழுவினாலும் போகாது. ஒரு தடவை அதே ஹோஸில் பீர் விட்டு 19 லிட்டர் ரோஜா வாசத்தோடு குடித்தோம். அன்றிலிருந்து அது சோடாவுக்கு மட்டும். பீர் குழாய்க்குப் பூட்டு உண்டு, சோடாவுக்கு இல்லை. அப்பா இங்கே வந்திருந்தபோது தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தானே இறங்கிப் போய் ஒரு டம்ளர் பிடித்துக்கொள்வார்.

அடுத்த செலவு சிலிண்டருக்கு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தோளில் பொறித்த தேதிப்படி என் சிலிண்டருக்கு வரும் மார்ச்சில் முடிகிறது. பழைய சிலிண்டர் வாங்குகிறவர்கள் அந்தத் தேதியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.