'கடற்படை அதிகாரி விட்டுப்போன லென்ஸ்' விற்கிறார் ஒருவர்: கவனம்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிலிம் கமராவோடு திரிகிற சிலருக்காக இதை எழுதுகிறேன். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான் நாம். ஆனாலும் நம்மைத் தேடிப் பிடித்து ஏமாற்ற ஓர் ஆள் இருக்கிறார். கொழும்பிலிருந்து வாட்ஸ்அப் வழியாக வியாபாரம் செய்கிறார். "இரண்டாம் உலக யுத்த காலத்தில் உங்கள் ஊர்த் துறைமுகத்தில் இருந்த இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி ஒருவர் தன் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டுப் போன லென்ஸ், தம்பி. அந்தக் குடும்பத்திடமிருந்து நேரே என் கைக்கு வந்தது" என்பார். கார்ல் ஸைஸ் ஜெனா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் சொனார் லென்ஸ், 5 சென்ரிமீற்றர், எஃப் 1.5, லைக்கா திருகு மவுண்ட் (லைக்கா வகைக் கமராவில் திருகிப் பூட்டுவது) என்பார். 140,000 ரூபாய் விலை சொல்வார். எனக்கும் இதைத்தான் சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பியது வேறு சாமான்.

இந்தக் கதை நம்மிடம் எடுபடும் என்று அவருக்குத் தெரியும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊர். துருப்பிடித்த ஆணியைக் காட்டி 'நேவிக்காரன் காலத்துச் சாமான்' என்றால்கூட இங்கே ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார். ஆங்கில அதிகாரியிடம் ஜெர்மன் லென்ஸ் எப்படி வந்தது என்று கேட்டேன். "பிடிபட்ட பொருள், தம்பி" என்றார். அதற்கும் பதில் தயாராகவே வைத்திருந்தார்.

எனக்கு எதற்கு இப்படியொரு லென்ஸ் என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது பெஸ்ஸா ஆர்2 என்ற ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கமரா. அதில் போட்டிருப்பது 35 மில்லிமீற்றர் எஃப் 2.5 ஸ்கோப்பார் லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும், கூடுதல் வெளிச்சம் உள்ளே வரும். பகல் வேலைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கோட்டைக்குள் மேயும் மான்கள், கரைவலை இழுப்பவர்கள், மீன் சந்தை, எல்லாவற்றுக்கும் அது போதும். பொழுது சாய்ந்த பிறகுதான் சிக்கல். காளி கோவிலில் சுவாமி வெளிவீதி வரும்போது 400 ஐ.எஸ்.ஓ. பிலிமுக்கு 1/8 விநாடி கேட்கிறது கமரா. சுவாமியைக் காவுகிறவர்களும் அசைகிறார்கள், என் கையும் அசைகிறது. எஃப் 1.4 அல்லது 1.5 கிடைத்தால் அதே வெளிச்சத்தில் 1/30-க்குக் கிட்ட வந்துவிடலாம்.

லென்ஸ் சிறியதாகவும் இருக்கவேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் கமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூலையில் இருக்கும் சிறு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸ் பருத்தால் அந்த ஜன்னலின் கீழ் மூலையை அதன் தலையே மறைத்துவிடும். மூன்றாவதாக, அதற்கென்று ஒரு குணம் வேண்டும். கற்பூரச் சுடரைக் கத்தியால் வெட்டி ஒட்டியதுபோலக் காட்டும் கூர்மை எனக்குத் தேவையில்லை. சுடரைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படரவேண்டும், முகம் தெளிவாக இருந்து பின்புறம் கரையவேண்டும்.

இதற்கு வழிகள் உண்டு. கொசினா செய்யும் ஃபோய்க்ட்லெண்டர் நொக்டன் கிளாசிக் 40 மில்லிமீற்றர் எஃப் 1.4, இரண்டு விரலால் தூக்கக்கூடிய பொருள். ஒற்றைப் பூச்சு, பல்பூச்சு என்று இரண்டு வகையில் வந்தது. ஒற்றைப் பூச்சில் விளக்குகள் இன்னும் கொஞ்சம் வழியும். ஆனால் பெஸ்ஸா ஆர்2-இன் ஜன்னலில் 40-க்கான சட்டகக் கோடு, அதாவது படத்தின் எல்லையைக் காட்டும் கோடு, கிடையாது. 35-க்கும் 50-க்கும் நடுவில் குத்துமதிப்பாக எடுக்கவேண்டும். அதே தொடரின் 35 எஃப் 1.4, பழைய லைக்கா லென்ஸான சும்மிலக்ஸின் சாயலில் செய்யப்பட்டது. நேர்க்கோடுகளைச் சற்று வளைக்கும். கோபுரம் எடுப்பவருக்கு எரிச்சல் தரும். கெனன் 50 எஃப் 1.4 திருகு மவுண்ட் நல்ல லென்ஸ்தான், ஆனால் கொஞ்சம் கனம். அசல் சும்மிலக்ஸின் விலையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

என் மனம் போனது சொனார் பக்கம். லுட்விக் பெர்ட்டெலே 1930-களின் தொடக்கத்தில் ஸைஸின் கொன்டாக்ஸ் கமராவுக்காக வடிவமைத்தது. எஃப் 1.5 சொனாரில் ஏழு கண்ணாடிகள், ஆனால் மூன்றே தொகுதிகள். கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டியதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறுதான். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத காலத்தில் அதுதான் பெரிய இலாபம். லென்ஸும் குட்டையாக அமைந்தது. போருக்குப் பிறகு சோவியத் யூனியன் இதே வடிவமைப்பில் ஜுபிட்டர்-3 என்ற பெயரில் ஏராளமாகச் செய்தது. லைக்கா திருகில் வந்த அசல் ஜெனா சொனார்கள் மிகக் குறைவு. ஜுபிட்டரின் பெயர் வளையத்தைக் கழற்றி, ஸைஸ் என்று பொறித்த வளையத்தை மாட்டிய போலிகளோ உலகம் முழுக்கத் திரிகின்றன. இதை நான் விற்பவரிடமே சொன்னேன். "அதெல்லாம் தெரியாதவர்கள் செய்கிற வேலை, தம்பி. என்னிடம் அப்படி நடக்காது" என்றார்.

கேட்ட படங்களையெல்லாம் அனுப்பினார். பெயர் வளையம், துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள், டோர்ச் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சிய படம், பின்புறம். கண்ணாடி பளிங்காக இருந்தது. வங்கியில் வைப்பிலிட்டேன், கூரியரில் பொதி வந்தது. திறந்து டோர்ச் அடித்தேன். உள்ளே பால் கலந்த தண்ணீர் நிறத்தில் ஒரு படலம், ஓரத்தில் நூல்நூலாகப் பூஞ்சணம். பிறகுதான் அந்தப் படங்களை அடுக்கிவைத்துப் பார்த்தேன். வளையம் தெரியும் படத்தில் கண்ணாடியின் உட்புறம் தெரியவில்லை. உட்புறம் தெரியும் படத்தில் வளையம் தெரியவில்லை. இரண்டு லென்ஸ்களின் படங்களை ஒன்றின் படங்களாக அனுப்பியிருக்கிறார்.

அழைத்தேன். "அது படலம் இல்லை தம்பி, அதுதான் அந்த லென்ஸின் குணம். நீங்கள்தானே ஒளி வழியவேண்டும் என்று கேட்டீர்கள்?" என்றார். சரி, படமெடுத்தே காட்டுவோம் என்று ஒரு சுருள் எச்பி5 கறுப்பு வெள்ளைப் பிலிம் போட்டேன். சுவாமி மலையிலிருந்து கடல், டச்சுக் குடாவில் எதிர்வெயிலில் வள்ளங்கள், வீட்டில் அம்மா, விளக்கு. டி-76 என்ற பிலிம் கழுவும் கரைசலில் கழுவிப் பார்த்தால் எதிர்வெயில் படங்கள் முழுக்கச் சாம்பல். அம்மாவின் கண்ணில் குவித்த படத்தில் கண் மங்கல். காதுக்குப் பின்னாலிருந்த கதவுச் சங்கிலி கூர்மையாக இருந்தது. மலையிலிருந்து எடுத்த தூரக் காட்சிகூட முழுத் துளையில், அதாவது துளையை முழுக்கத் திறந்து எடுத்ததில், கரைந்திருந்தது.

"சொனார் என்றால் குவிப்பு நகரும், தம்பி. ஸைஸ்காரனே ஒப்புக்கொண்டது" என்று மறுபடியும் ஒரு பாடம். இந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். பாதி உண்மையை வைத்து முழுப் பொய் சொல்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சொனாரில் குவிப்பு நகர்வது மெய்தான். துளையைச் சுருக்கச் சுருக்கக் குவிப்பு பின்னால், அதாவது தூரப் பக்கம், போகும். அதனால் எஃப் 2.8-க்குச் சரிசெய்த லென்ஸ், எஃப் 1.5-இல் முன்னால் குவியும். என் படங்களில் முழுத் துளையிலேயே குவிப்பு பின்னால் விழுந்திருக்கிறது. அவர் சொன்ன காரணம் சரியென்றால் நேர் எதிராக அல்லவா நடந்திருக்கவேண்டும்? இதை எழுதி அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு சரி அடையாளம் மட்டும் விழுந்தது.

நகரில் கைக்கடிகாரம் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நுட்பமான கருவிகளும் பொறுமையும் உள்ளவர். ஜுபிட்டர்களில் கண்ணாடித் தொகுதி தனி, குவிக்கும் திருகு உருளை தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய உலோக வளையம் இருக்கும். அந்த வளையத்தின் தடிப்புதான் கண்ணாடி பிலிமிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பெரியவர் கழற்றிப் பார்த்தபோது அந்த வளையமே இல்லை. கண்ணாடி பிலிமை நெருங்கிவிட்டதால்தான் குவிப்பு பின்னால் விழுந்திருக்கிறது. திருகு உருளையின் உட்புறத்தில் ஒரு எண், கண்ணாடித் தொகுதியில் வேறொரு எண். இரண்டு உடைசல்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். தொகுதியில் இருந்த எண் 63 என்று தொடங்கியது. சோவியத் லென்ஸ்களில் பொதுவாக முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டைக் குறிக்கும். கடற்படை 1957-இல் போய்விட்டது. அவர்கள் விட்டுப்போன லென்ஸ் 1963-இல் பிறந்திருக்கிறது! "அப்ப அந்தச் சமையற்காரர் நல்லாய்ச் சமைத்திருக்கிறார்" என்றார் பெரியவர். சிரித்துவிட்டேன், என்ன செய்வது.

இத்தோடு இன்னொரு விடயம். ஒழுங்கான ஜுபிட்டர்-3 கிடைத்தாலும் லைக்கா வகைக் கமராவில் அதன் குவிப்பு அப்படியே பொருந்தாது. லைக்காவின் 50, உண்மையில் 51.6 மில்லிமீற்றரைக் கணக்கில் வைத்தது. சோவியத் லென்ஸ்கள் கொன்டாக்ஸின் அளவைப் பின்பற்றின. அது சற்றுக் கூட. அந்தச் சிறு வித்தியாசம் தூரத்தில் தெரியாது. ஒரு மீற்றருக்கு வந்து எஃப் 1.5-இல் எடுத்தால் சில சென்ரிமீற்றர் பின்னால் தள்ளிவிடும். அந்தத் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழமே ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர்தான். நடு வளையத்தின் தடிப்பை மாற்றி இதைச் சரிசெய்யலாம், செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஜுபிட்டர் விற்பவரிடம் எந்தக் கமராவில் சரிபார்த்தது என்று கேளுங்கள். "சொர்க்கியில் போட்டுப் பார்த்தேன், அருமை" என்றால், சொர்க்கி சோவியத் கமரா, அது உங்கள் கமராவுக்கான பதில் அல்ல.

வடிவமைப்போடு பிறந்த குணத்தையும் பிறகு வந்த பழுதையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். விளக்கு ஒன்றை முழுத் துளையில் எடுங்கள், பிறகு எஃப் 4-இல், பிறகு எஃப் 8-இல். கோளப் பிறழ்ச்சி என்ற, வடிவமைப்போடு பிறந்த குணத்தால் வரும் ஒளிவட்டம், லென்ஸின் ஓரத்தால் நுழையும் கதிர்களால் உண்டாவது. துளை சுருங்கியதும் அந்தக் கதிர்கள் வெட்டுப்பட்டுவிடும். எஃப் 4-இல் அநேகமாக வட்டம் போய்விடும். கிறீஸ் ஆவி படிந்த படலமும் பூஞ்சணமும் அப்படிப் போகாது. எஃப் 8-இலும் கறுப்பு கறுப்பாக வராமல் சாம்பலாகவே நின்றால், விற்றவர் அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது பழுதுதான். கோட்டைச் சுவர் போன்ற தட்டையான ஒன்றை நேராக நின்று எடுத்து, இடது ஓரம் கூர்மையும் வலது ஓரம் மங்கலுமாக வந்தால் கண்ணாடி ஏதோ சாய்ந்திருக்கிறது. அதற்கும் 'பழைய லென்ஸின் அழகு' என்று பெயர் வைக்க ஆட்கள் உண்டு.

பிலிமை வீணாக்காமல் குவிப்பைப் பார்க்கவும் வழி இருக்கிறது. பின்கதவைத் திறந்து, பிலிம் செல்லும் தண்டவாளத்தில் மங்கல் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) திறந்துவைத்து, உருப்பெருக்கியால் அந்த நாடாவில் விழும் உருவத்தைப் பாருங்கள். சரிவாக வைத்த பத்திரிகையின் எந்த வரியில் ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு உருவங்களும் ஒன்றாகப் பொருந்துகின்றனவோ அதே வரி அங்கே கூர்மையாக விழவேண்டும்.

படங்களை நம்பவேண்டாம். பெயர் வளையத்தில் தொடங்கி, அங்கிருந்து வெட்டாமல் டோர்ச் வெளிச்சத்தில் உட்புறத்துக்குப் போய், துளை இதழ்களை மூடித் திறந்து, மறுபடியும் வளையத்தில் வந்து முடியும் ஒரே வீடியோ கேளுங்கள். திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். நம் ஊர் ஈரக்காற்றில் நல்ல கண்ணாடிக்கே பூஞ்சணம் பிடிக்கிறது. மாரிகாலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்கு வெளியே லென்ஸை வைக்கவே வேண்டாம். பூஞ்சணத்தோடு வந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைப்பதும் வேண்டாம். என்னுடையது இப்போது ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகக் கிடக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைப் படமாக அனுப்பினார். பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். பற்றுச்சீட்டு, உரையாடல், பெரியவர் கழற்றியபோது எடுத்த படங்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

ஜுபிட்டர்-3 மட்டமான லென்ஸ் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஜுபிட்டர் என்ற பெயரிலேயே, சரியான நடு வளையத்தோடு, இதில் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தால் நானே வாங்குவேன்.

ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். நண்பர் ஒருவர் இப்போது அவரிடம் விலை கேட்டிருக்கிறார். கதையில் அதிகாரி போய், தேயிலைத் தோட்டத்துத் துரை வந்திருக்கிறார். படங்கள் மட்டும் அதேதான்: பச்சை மேசைவிரிப்பு, அதன் வலது மூலையில் சிகரெட் சுட்ட ஓட்டை, லென்ஸுக்குப் பக்கத்தில் மூடி உடைந்த தோல் பெட்டி. டோர்ச் அடித்த படத்தில் பிடித்திருக்கும் கையின் பெருவிரலில் வெள்ளைப் பிளாஸ்டர் இருக்கும். அந்தப் படங்கள் உங்களுக்கு வந்தால் பணம் வைப்பிலிடவேண்டாம். உரையாடலை அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்கலாம்.