ராமேஸ்வரத்தில் அரை நாள்: தனுஷ்கோடியா, வில்லூண்டியா, குந்துகாலா?

ராமநாதசுவாமி தரிசனம் முடிந்து வெளியே வந்ததுமே “தனுஷ்கோடி போலாமா சார்?” என்று ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள். பெரும்பாலானோர் அப்படியே ஏறிப் போய்விட்டு, அன்றைக்கே பாம்பன் பாலத்தைத் தாண்டி ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதே தீவில் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் ஓர் இடமும் பாம்பனுக்குப் பக்கத்தில் ஓர் இடமும் கவனிப்பாரில்லாமல் கிடப்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

முதல்முறை வருகிறீர்கள் என்றால் தனுஷ்கோடியை விடவே விடாதீர்கள். கோயிலிலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். 2017-ல் புதுச் சாலை திறக்கும்வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்தான். இப்போது அரசுப் பேருந்தே முனைவரை போகிறது. அதனாலேயே எல்லோரும் நேராக முனைக்குப் போய், அசோகத் தூண் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முனைக்குக் கால் மணி நேரம் தாராளம். வழியில் இருக்கும் பழைய ஊருக்குத்தான் நேரம் வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த ஊர் அது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோய்விட்டது. தேவாலயத்தின் சுவர்களும், ரயில் நிலையத்தின் இடிபாடுகளும், தண்ணீர்த் தொட்டியும் மிஞ்சி நிற்கின்றன. தேவாலயச் சுவரை நெருங்கிப் பாருங்கள். பவளப்பாறையை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் பவளத்தின் கோடுகளும் பொடித் துளைகளும் அப்படியே தெரியும். ஞாபகார்த்தம் என்று சொல்லித் தயவுசெய்து பெயர்த்து எடுக்காதீர்கள்.

சுற்றியுள்ள குடிசைகளில் மீனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருபுறமும் கடல், ஆனால் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதால் கிடைக்கும் தண்ணீர் அது. ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும்.

குறைகளும் உண்டு. ஒதுங்க நிழல் கிடையாது. முனையில் நீரோட்டம் பொல்லாதது, இறங்கவே கூடாது. இருட்டுமுன் கிளப்பிவிடுவார்கள் என்பதால் மாலை ஐந்து மணிக்குப் போய் நிற்பதில் பயனில்லை.

வில்லூண்டி தீர்த்தம் இதற்கு நேர் எதிர். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில், சின்ன இடம், அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கடலுக்குள் நீளும் ஒரு நடைபாலம், அதன் முடிவில் கிணறு, கிணற்றில் குடிக்கிற தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமர் வில்லை ஊன்றி வரவழைத்தது என்பது தலபுராணம். வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

குந்துகால் பாம்பனை ஒட்டி, தெற்குக் கரையில் இருக்கிறது. சிகாகோ உரைக்குப் பிறகு நாடு திரும்பிய விவேகானந்தர், 1897 ஜனவரியில் கொழும்பு வழியாக வந்து கரையிறங்கிய இடம். பாஸ்கர சேதுபதி மன்னர் வரவேற்றார். அங்கே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே தெரிவது குருசடைத் தீவு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் ஒன்று. வனத்துறைப் படகு ஓடும் நாளாக இருந்தால் யோசிக்காமல் ஏறிவிடுங்கள். படகு இல்லையென்றாலும் கூட்டமில்லாத கரையில் உட்கார்ந்திருக்கலாம். தனுஷ்கோடியில் அந்த நிம்மதி இப்போது கிடைப்பதில்லை. பேருந்தை நம்ப வேண்டாம், பாம்பனில் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காற்று. இந்தத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று வீசும் ஜூன், ஜூலையில் தென்கரை சீறும். அப்போது குந்துகால் படகை நம்பித் திட்டம் போடக்கூடாது, வில்லூண்டிப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் நிலைமை அப்படியே தலைகீழ். ஜனவரி, பிப்ரவரியில் வருகிறவர்களுக்குக் குந்துகாலைத்தான் சொல்வேன்.

மூன்றையும் பார்க்க ஆசையா? வெயில் ஏறுமுன் தனுஷ்கோடிக்குப் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். மற்ற இரண்டும் பாம்பன் போகிற திசையில்தான் இருக்கின்றன. மதியத்துக்கு மேல் அறையைக் காலி செய்து, மூட்டை முடிச்சோடு வில்லூண்டி, அடுத்துக் குந்துகால் என்று பார்த்துவிட்டு அப்படியே பாலம் ஏறிவிடலாம்.