நீரில் ஓடும் மின்பலகைக்குப் பேட்டரி கட்டக் கொடுப்போர் கவனத்திற்கு

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் மின்சார மிதிவண்டிக்கோ, படகு மோட்டாருக்கோ, என்னைப் போல மோட்டாரால் நீரில் ஓடும் சறுக்குப் பலகைக்கோ லித்தியம் பேட்டரியைத் தனிநபரிடம் கட்டக் கொடுக்க நினைப்பவர்கள் இதை முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு 52,000 ரூபாய் போயிற்று. அதைவிட, என் அக்காள் மகன் ஏறிப் படுக்க இருந்த பலகைக்குள் அந்தப் பேட்டரி இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்திற்குப் போயிருப்பதால் விற்றவரின் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் எழுதவில்லை. அவர் என்ன செய்தார், நான் எங்கே கவனிக்கத் தவறினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் காட்பாடியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நீரில்லாத ஆறு உள்ள ஊர் என்று பெயர் வாங்கிய இடத்தில் இருந்துகொண்டு அலைச்சறுக்குப் பலகையா என்று பலரும் கேட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்ததிலிருந்தே அக்காள் மகனான என் மருமகனுக்கும் எனக்கும் இந்த ஆசை இருந்தது. இந்த வகைப் பலகைக்கு அலையும் வேண்டாம், காற்றும் வேண்டாம். பலகையின் அடிப்பக்கத்தில் உள்ள துவாரத்தின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, குழாய்க்குள் சுழலும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரத்தால் வேகமூட்டி, பின்புறக் குறுகிய வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும்போது அந்த எதிர்விசையில் பலகை முன்னே போகிறது. இம்பெல்லர், அதன் தண்டு, நீர் புகாமல் தடுக்கும் சீல் பொருந்தும் உறை ஆகியவற்றை என் பட்டறையிலேயே கடைந்தேன். தலைமுடியும் பாசியும் உள்ளே இழுக்கப்படாதபடி துவாரத்திற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் சல்லடை வைத்தேன். ஓட்டுபவர் தவறி விழுந்தால் உடனே மோட்டார் நிற்கும்படி, காலில் கட்டிய கயிற்றின் முனையில் காந்தச் சாவியும் பொருத்தினோம். எட்டு மாத வேலை அது.

இராணிப்பேட்டையில் ஃபைபர் சாமான்கள் விற்கும் ஒரு பெரியவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பலகையின் உள்ளுடல் தெர்மாகோல் என்று நான் சொன்னவுடன், கையில் எடுத்த பாலியஸ்டர் ரெசின் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். "இது பட்டா தெர்மாகோல் கரைஞ்சிடும்பா, எபாக்சிதான் போடணும், என்கிட்ட இப்ப அது இல்லை" என்று சொல்லி, எங்கே கிடைக்கும் என்று வழியும் காட்டி அனுப்பினார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலை அரித்துக் கரைத்துவிடும். கைக்கு வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அந்த மனிதரிடமிருந்து நேராகப் பேட்டரிக்காரரிடம் போனதால்தானோ என்னவோ, எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பிவிட்டேன்.

பேட்டரியின் கணக்கை நானே போட்டுக் கொடுத்தேன். மோட்டாருக்குத் தேவை சுமார் 5 கிலோவாட். 18650 என்ற உருளைச் செல்கள் 14 வரிசையாகவும் ஒவ்வொரு வரிசையிலும் 10 இணையாகவும் சேர்த்தால் மொத்தம் 140 செல்கள். சராசரி அழுத்தம் 50.4 வோல்ட், முழுதாக ஏற்றினால் 58.8 வோல்ட். 5 கிலோவாட்டுக்குச் சுமார் 100 ஆம்பியர் தேவைப்படும் என்பதால் ஒவ்வொரு செல்லும் இடைவிடாமல் 10 ஆம்பியர் தர வேண்டும். ஆகவே 3,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும், தொடர்ந்து 15 ஆம்பியர் தரும் திறனும் கொண்ட புதிய செல்களே வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். செல்களை இணைக்கும் பட்டைகள் தூய நிக்கலாக இருக்க வேண்டும், பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்சுற்றுப் பலகையின் வெப்ப உணரி செல்களுக்கு நடுவில் ஒட்டப்பட வேண்டும் என்றும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஓர் ஆளைச் சுமந்துகொண்டு தண்ணீரில் ஓடப்போகும் சாதனம், பேட்டரி இருக்கும் பெட்டி காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருக்கும் என்பதையும் நேரில் போய்ச் சொன்னேன். "கவலைப்படாதீங்க அண்ணா, நம்ம வீட்டுப் பிள்ளைக்குச் செய்யற மாதிரி செய்யறேன்" என்றார். 30,000 ரூபாயை யுபிஐ மூலம் முன்பணமாகக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, நீல நிற உறை சுருக்கி மூடப்பட்ட பேக் ஒன்றைக் கையில் கொடுத்தார். மீதி 22,000 ரூபாயை ரொக்கமாகக் கேட்டார். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, பிறகு அனுப்புவதாகச் சொல்லி "எஸ்டிமேட்" என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். செல்களைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, உறையைப் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்றார். கட்டும்போது எடுத்த படங்களைக் கேட்டேன். அனுப்பிய படங்களில் இருந்த செல்களும் எனக்குத் தந்த பேக்கில் இருந்த செல்களும் வேறு வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது. பலகையின் எடைச் சமநிலைக்காகப் பேக்கை நிறுத்துப் பார்த்து 6.2 கிலோ என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். நல்ல 18650 செல் ஒன்று ஏறக்குறைய 47 கிராம் இருக்கும். 140 செல்கள் மட்டுமே 6.5 கிலோவைத் தாண்ட வேண்டும், அதன் மேல் பட்டைகளும் கம்பிகளும் வேறு. பெருக்கிப் பார்க்க அரை நிமிடம் கூட ஆகாது. எடை குறைவாக இருப்பது பலகைக்கு நல்லது என்று எண்ணி நான் பெருக்கிப் பார்க்கவில்லை. என் தவறு இதுதான், இதை மறைக்க விரும்பவில்லை.

சோதனையைப் பொது ஏரியில் செய்யக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அணைக்கட்டுப் பக்கம் சித்தப்பாவின் நிலத்தில் உள்ள பண்ணைக்குட்டை கார்த்திகை மழையில் நிரம்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையை அதில் இறக்கி, கரையில் இருந்த தென்னை மரத்தில் கயிற்றால் கட்டி, இடையில் தொங்கு தராசை மாட்டி, யாரும் ஏறாமல் மோட்டாரை மட்டும் ஓட்டினோம். 60 ஆம்பியரில் தராசு 22 கிலோ இழுவையைக் காட்டியபோது மருமகன் கைதட்டினான். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, ஏனென்றால் மின்னழுத்தம் 57 வோல்ட்டிலிருந்து 46 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. 11 வோல்ட் காணாமல் போகிறது என்றால், 60 ஆம்பியரில் 660 வாட் வெப்பமாக மாறுகிறது என்று பொருள். அதில் பெரும்பகுதி பேட்டரிக்குள்ளேயேதான். ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, காற்றுப் போகாத பெட்டிக்குள் வைத்து மூடியதற்குச் சமம் அது. "மாமா, நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமா?" என்று அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேண்டாம், முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்போம் என்று சொல்லிப் பலகையைக் கரைக்கு இழுத்தேன்.

மூடியின் கடைசித் திருகைக் கழற்றும்போதே இனிப்புக் கலந்த ரசாயன நெடி வந்தது. இருவரும் பின்வாங்கிய சில நொடிகளில் சீறும் சத்தத்துடன் வெண்புகை கிளம்பி, ஒரு மூலையிலிருந்து அடுத்தடுத்துச் செல்கள் வெடிக்கத் தொடங்கின. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும் என்பதால் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றோம். சித்தப்பா போர்வெல் மோட்டாரைப் போட்டுவிட, தடித்த குழாயால் ஏறக்குறைய இருபது நிமிடம் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தேன். லித்தியத்தில் தண்ணீர் படக்கூடாது என்று அங்கே கூடியவர்கள் தடுத்தார்கள். இவ்வகைச் செல்களில் லித்தியம் தனி உலோகமாக இருப்பதில்லை. ஏராளமான தண்ணீரால் குளிர்வித்து அடுத்த செல்லுக்குச் சூடு பரவாமல் தடுப்பதே முறை. பலகையின் முன்பாதி உருகிப் போயிற்று. அவன் அதன் மேல் மார்பை வைத்துக் குட்டையின் நடுவில் படுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அக்காளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

எரியாமல் மிஞ்சிய 74 செல்களை, சூடு முழுதும் தணிந்து சில நாட்கள் ஆன பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மேலே பளபளப்பான புதிய உறை. அதில் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரும் 3,000 என்ற எண்ணும் இருந்தன. உறையைக் கிழித்தால், பலவற்றின் முனைகளில் பழைய ஸ்பாட் வெல்டிங் தழும்புகளைத் தேய்த்து மறைத்த கோடுகள் தெரிந்தன. அதாவது, ஏதோ பழைய மடிக்கணினிப் பேட்டரிகளிலிருந்து பிடுங்கி மறுஉறை போட்டவை. தழும்பில்லாத மற்றவை 33 முதல் 36 கிராம் வரைதான் எடை இருந்தன. கொள்ளளவை அளந்ததில் 700 முதல் 1,500 மில்லி ஆம்பியர்-மணி வரை ஆளுக்கொரு அளவாக வந்தது. நல்ல உயர்திறன் செல்லில் 20 மில்லி ஓம் அளவில் இருக்க வேண்டிய உள்தடை இவற்றில் 70-க்குக் குறைந்து எதிலும் இல்லை. வெப்ப உணரியின் கம்பி பி.எம்.எஸ். பலகையிலேயே சுருட்டி டேப் ஒட்டப்பட்டிருந்தது. செல்கள் கொதித்தபோது அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பட்டைகளை அரத்தால் லேசாக உரசி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் செம்மண் நிறத்தில் துரு. தூய நிக்கல் அப்படித் துருப்பிடிக்காது. நிக்கல் முலாம் பூசிய எஃகைக் கொடுத்திருக்கிறார். எஃகுக்கு மின்தடை அதிகம் என்பதால் அதுவும் சூட்டைக் கூட்டியது. காந்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும்.

இவற்றையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு பேட்டரிக்காரரிடம் போனேன். முதல் நாள், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் கோளாறு என்றார். அடுத்த முறை பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கும் என்றார். தழும்பு தெரியும் செல்களை மேசையில் வைத்தபோது, சென்னையில் தனக்கு விற்றவன் ஏமாற்றிவிட்டான், தானும் ஏமாந்தவன்தான் என்றார். அப்படியென்றால் படத்தில் வேறு செல்களைக் காட்டியது ஏன் என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். தெரியாமல் செய்த பிழையென்றால் பொறுத்திருப்பேன். வெப்ப உணரியைச் சுருட்டி டேப் ஒட்டியது தெரியாமல் நடந்திருக்க முடியாது.

ஆகவே யாரிடம் கட்டக் கொடுத்தாலும், உறை போடுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். அதற்கு மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். முடிந்தால் செல்களை நீங்களே பில்லோடு வாங்கி, கட்டும் கூலியை மட்டும் கொடுங்கள். நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற சிறிய மின்னணுத் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பத்துச் செல்களை நிறுத்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். 18650 அளவில் 5,000 என்றோ 9,900 என்றோ கொள்ளளவு போட்டிருந்தால், அது பொய் என்று தயங்காமல் வைத்துவிட்டு வாருங்கள். லித்தியம் செல்களுக்கு ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தரநிலை இருப்பதால் அதன் பதிவு எண்ணையும் கேளுங்கள். முதல் சோதனையைப் பெட்டியை மூடாமல், வீட்டுக்கு வெளியே, வெறுந்தரையில் செய்யுங்கள். பாதிச் சுமையிலேயே ஐந்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் விழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எங்கள் சோதனை மழைக்காலத்துக் காலை நேரத்தில் நடந்தது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரையில் அந்தப் பேக் வீட்டு மாடியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்திருந்தால், எங்கள் தெருவே அதற்கு விலை கொடுத்திருக்கும்.

பில் இல்லாததால் வழக்குப் போட முடியாது என்று பலர் சொன்னார்கள். யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் செய்திகள், அந்த எஸ்டிமேட் சீட்டு ஆகிய மூன்றையும் வைத்தே புகாரைத் தயாரித்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசினால் வழி சொல்கிறார்கள். ஒப்புகை பெறும்படி தபாலில் நான் அனுப்பிய அறிவிப்பை அவர் வாங்கிக்கொண்டார், பதில் வரவில்லை. சென்ற மாதம் புகாரைத் தாக்கல் செய்துவிட்டேன்.

எரிந்தவையும் எரியாதவையுமாக 140 செல்களும் பட்டறைக்கு வெளியே, கூரையில்லாத மூலையில், மணல் நிரப்பிய இரும்பு டிரம்மில் கிடக்கின்றன. எரியாத ஒவ்வொரு செல்லின் எடையும் கொள்ளளவும் கொண்ட பட்டியலை மருமகன் தன் கையால் எழுதி, பிரதி எடுத்து, கோப்பில் வைத்திருக்கிறான். ஆணையத்தில் கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் அவற்றை இன்னும் அப்புறப்படுத்தவில்லை.