மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் ரியூப் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வழியில் ஒரு ரயர் கடையில் எங்கள் ரியூப்பை மாற்றி எங்களை ஏமாற்றினார்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, எந்தச் சந்தி என்றும் சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டால் அந்த ஒரு கடையோடு கதை முடிந்துவிடும். இதே வேலையை ஏ9 வீதியிலும் பரந்தன் வீதியிலும் செய்கிறவர்கள் தப்பிவிடுவார்கள். என்ன நடந்தது என்று தெரிந்தால் எங்கே நடந்தாலும் நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பொங்கலுக்கு நானும் மனைவியும் கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிட்டோம். அங்கே உப்புத் தண்ணீரில் விளக்கெரிவதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. புதுக்குடியிருப்பு வழியாகப் போயிருக்கலாம். மாங்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சாமான் கொடுக்க இருந்ததால் இந்த வழி. இரண்டு பக்கமும் காடாக இருக்கிற இடத்தில் பின் சில்லு பாம்பு மாதிரி நெளியத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் ரயரில் ஒரு சின்னக் கூரை ஆணி, தலை மட்டும் தெரிகிறது.

இருவரும் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனோம். காற்றுப் போன சில்லில் ஏறி ஓடினால் ரயர் றிம்மில் வழுக்கும், ரியூப் அதோடு இழுபடும், வால்வு மட்டும் றிம்மின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் வால்வடி கிழிந்துவிடும். அந்த இடத்தில் கிழிந்த ரியூப்பை எவராலும் ஒட்ட முடியாது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது கீழே வரும். வைகாசி வெயில் சாய்ந்த நேரம். சோளகக் காற்று முதுகில் தள்ளியதுதான் கிடைத்த ஒரே உதவி.

கடை வந்தது. முதலாளியும் ஒரு பெடியனும் நின்றார்கள். பெடியன் கெட்டிக்காரன், சில்லைக் கழற்றி, லீவர் போட்டு, ரியூப்பை உருவ அவனுக்குக் கொஞ்ச நேரம்தான் எடுத்தது. ஆணியையும் குறட்டால் இழுத்து என் கையில் தந்தான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. பிறகு ரியூப்பைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான்.

“எங்கை தம்பி கொண்டு போறீர்?”

“தண்ணித் தொட்டி பின்னுக்கு இருக்கு அண்ணை. ஓட்டை பார்க்க வேணும்.”

நானும் பின்னால் போக எழும்பினேன். முதலாளி மறித்தார். “அங்கை நாய் கட்டியிருக்கு, நீங்கள் இருங்கோ.” நாய் குரைத்து நாங்கள் கேட்கவில்லை.

திரும்பி வந்தவனின் கையில் வால்வடி பிய்ந்த ரியூப் ஒன்று இருந்தது. “ஓடிக்கொண்டு வந்திட்டியள் போல. வால்வடி போட்டுது, இனி ஒட்டேலாது” என்றார் முதலாளி. ஓடவே இல்லை, தள்ளிக்கொண்டு வந்ததை நீங்களே பார்த்தீர்கள்தானே என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் ரியூப்பை வாங்கி முழுக்க உருட்டிப் பார்த்தாள். எங்கள் ரியூப்பில் ஏற்கெனவே இரண்டு ஒட்டு இருந்தது, பக்கத்தில் பக்கத்தில். இதில் ஓர் ஒட்டும் இல்லை. ஈரமும் இல்லை. தண்ணீரில் அமுக்கிப் பார்த்த ரியூப் எப்படிக் காய்ந்து வரும்?

“இது எங்கட ரியூப் இல்லை” என்றாள்.

“எல்லா ரியூப்பும் கறுப்புத்தான் அக்கா.”

இந்தப் பதிலுக்கு என்ன சொல்வது? பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. முதலாளி அதையும் பாவித்தார். “இருட்டினால் இந்தப் பக்கம் யானை இறங்கும், குடும்பத்தோட நிக்கிறியள்” என்றார். பொய் இல்லை, அந்தப் பக்கத்தில் யானை இருக்கிறது. ஆனால் அவர் அதைச் சொன்ன தொனி எச்சரிக்கை மாதிரி இல்லை, விலை சொல்கிற மாதிரி இருந்தது. கழற்றிய சில்லை வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகவும் முடியாது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, புது ரியூப் போடுங்கள் என்றோம். அதோடு விடவில்லை. ரயரின் உட்பக்கத்தை விரித்துக் காட்டி, “நூல் விட்டிட்டுது, இதையும் மாத்தினால்தான் நல்லது” என்றார். ஆணி போன ஓட்டையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நூல் விட்ட ரயர் என்றால் உள்ளே நார் பிரிந்து நிற்கும், வெளியே காற்றடித்ததும் ஓரிடத்தில் புடைக்கும். என்னுடையதில் பூவும், அதாவது வீதியில் படுகிற பக்கத்து வெட்டுக்களும், ஆழமாகவே இருந்தது. அவர் காட்டிய ‘புது’ ரயர் பொலிஷ் பூசி மினுங்கியது. பெரும்பாலான ரயர்களின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். அந்த ரயரில் 1415 என்று இருந்தது. அதாவது 2015ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் சும்மா கிடந்தாலும் றப்பர் வருடக்கணக்கில் இறுகி வெடிக்கும். விரலால் மடித்ததும் பூக்களுக்கு நடுவில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. இலக்கத்தைக் காட்டிக் கேட்டேன்.

“அது மொடல் நம்பர் அண்ணை” என்றார், கண் இமைக்காமல்.

ரயர் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. “அப்ப வழியில ஏதும் நடந்தால் நான் பொறுப்பில்லை.” ரியூப், கழற்றிப் பூட்டிய கூலி, காற்றுக்கு வேறாக என்று 3,400 ரூபாய் எடுத்தார். பில் கேட்டதற்கு, புத்தகம் முடிந்துவிட்டது என்றார். பழைய ரியூப்பைக் கேட்டதற்கு, அந்த வால்வடி பிய்ந்ததைத்தான் சுருட்டி நீட்டினார். வாங்கிக்கொண்டேன், ஒரு சாட்சியாகவாவது இருக்கட்டும்.

முள்ளியவளைக்குக் கிட்டப் போகையில் அதே பின் சில்லு மறுபடியும் இறங்கியது.

இந்த முறை நல்ல காலம், வீட்டு முற்றத்திலேயே கடை வைத்திருந்த ஓர் ஐயா கிடைத்தார். வெட்டிய தகரப் பீப்பாயில் தண்ணீர், ஒரு மின்குமிழ், ஒரு கதிரை. அவ்வளவுதான் கடை. கதிரையில் மனைவியை இருத்திவிட்டு வேலையைத் தொடங்கினார். ரியூப்பை வெளியே எடுத்ததும் சிரித்தார். “தம்பி, உங்கட சில்லு 17. இது 18.”

எங்களுடையது பஜாஜ் சீ.ரி. 100 பைக். பின் ரயர் 3.00-17, அதாவது 17 அங்குல றிம்முக்கானது. கடைக்காரர் காட்டிய பெட்டியில் சரியாக 17 என்றுதான் இருந்தது. பெட்டிக்குள் இருந்த ரியூப்பில் 18. பெரிய ரியூப்பைச் சின்ன ரயருக்குள் திணித்தால் ஓரிடத்தில் மடியும், ஓட ஓட அந்த மடிப்பு தன்னைத்தானே தேய்க்கும். மடிப்பில் கீறல் மாதிரி விழுந்திருந்ததை ஐயா காட்டினார். அதுமட்டும் இல்லை. வால்வின் மரையில் நட் பூட்டிக் கழற்றிய தழும்பு இருந்தது. புது ரியூப்பில் அது வராது. மேலே வெள்ளையாக இருந்த பவுடரைத் தண்ணீரில் கழுவியதும் ஒரு பழைய ஒட்டு தெரிந்தது. நாங்கள் புதுசு என்று காசு கொடுத்தது, எங்களைப் போல இன்னொருவரிடம் கழற்றியெடுத்த ரியூப்.

அப்படியானால் எங்களுடையது எங்கே? “அதுக்கு ஓர் ஒட்டுப் போட்டு, பவுடர் தடவி, பெட்டியில வைச்சிருப்பினம். அடுத்த ஆளுக்கு” என்றார் ஐயா, பெரிய விஷயம் இல்லை என்பது போல. வால்வடி பிய்ந்த அந்த ரியூப், வருகிற எல்லோருக்கும் காட்டுவதற்கென்றே வைத்திருப்பது என்பது அப்போதுதான் விளங்கியது.

ஐயா ஒட்டுப் போட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். இடத்தை உரஞ்சினார், பசை தடவினார், உடனே ஒட்டவில்லை, பசை காயும்வரை எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஒட்டிய பிறகு பீப்பாயில் எங்கள் கண் முன்னால் அமுக்கி, குமிழி வரவில்லை என்று காட்டினார். வால்வின் வாயிலும் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். ரயருக்குள் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தார். வன்னியில் ஆணியை விட உடைமுள்தான் அதிகம். நுனி முறிந்து ரயருக்குள்ளேயே நின்றால் வெளியே தெரியாது, எத்தனை ஒட்டுப் போட்டாலும் திரும்பத் திரும்பக் குத்தும். கடைசியாக, பின்னால் ஆள் இருப்பதால் 32 என்று காற்றடித்தார். எல்லாவற்றுக்கும் 300 ரூபாய். 18 ரியூப் மடிப்போடு எப்படியும் இருந்தது, வீடு போனதும் மாற்றிவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தோம், விளக்கையும் பார்த்தோம்.

திரும்பும்போது அந்தக் கடையில் நிறுத்தினோம். பெடியன் மட்டும் நின்றான். முதலாளி வவுனியாவுக்குப் போய்விட்டார் என்றான். அவனோடு சண்டை பிடித்து என்ன பயன்? சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை.

ஆணியை வீதியில் போடுவதும் இவர்கள்தான் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கிரவல் ரிப்பரும் பழைய தகரம் ஏற்றுகிற லொறியும் ஓடுகிற வீதியில் ஆணி விழ ஆள் தேவையில்லை.

ரியூப் இல்லாத ரயர் வைத்திருக்கிறவர்கள் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மச்சானின் பல்சரில் ஒரே ஓர் ஆணி. நான்கு ஓட்டை என்று சொல்லி நான்கு அடைப்புக்குக் காசு எடுத்திருக்கிறார்கள், இது வேறொரு ஊரில். அங்கே தந்திரம், ஓட்டை தேடுகிற சாட்டில் குத்தூசியால் இன்னும் குத்துவது. அவர்களைத் தொட விடமுன் சவர்க்காரத் தண்ணீரை நீங்களே ஊற்றி, எத்தனை இடத்தில் நுரைக்கிறது என்று பார்த்துவிடுங்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்ப விட்டார்கள். அதுவரை வருடக்கணக்காகப் பழைய பைக்குகளைத்தான் ஓட்டினோம், அதனால் நம்மில் பலருக்கு இன்னும் ரியூப்தான்.

பில் கேட்டால் கடைக்காரர் தரத்தான் வேண்டும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்றால் வெற்றுத் தாளிலாவது திகதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சில்லைக் கழற்ற முன்பே ரியூப் எந்த இடத்திலும் கண்ணை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். கழற்றியதும் வால்வுக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு கோடு போடுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் பரவாயில்லை, ரியூப்பில் உள்ள அளவை ரயரில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது எங்கள் சீற்றுக்குக் கீழே கிளிநொச்சியில் பில்லோடு வாங்கிய 17 ரியூப் ஒன்று இருக்கிறது. மனைவி அதில் வெள்ளைப் பெயின்ரால் பைக்கின் இலக்கத்தை எழுதி வைத்திருக்கிறாள்.