தட்டை மூக்கா, நீள மூக்கா?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு ஆப்டிமஸ் பிரைம் பொம்மைகள் நிற்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளில் லாரியாக மாறும் ரோபோதான் பிரைம். என்னுடையது 1984 பாணி, மூக்கே இல்லாத தட்டை லாரி. தம்பியுடையது 2007 சினிமா பாணி, நீள மூக்கும் தீச்சுவாலை ஓவியமும் உள்ளது.

பழைய பாணியில் லாரியின் முன்கண்ணாடியே மார்பாகிவிடும். எது எங்கே போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஜப்பானிய பொம்மை நிறுவனமான டக்காராவின் டயக்ளோன் என்ற பழைய பொம்மை வரிசையிலிருந்து வந்த வடிவம் அது. உலோகப் பாகங்களும் இருந்ததால் கையில் நல்ல கனம். கை கால் மட்டும் அவ்வளவாக மடங்காது. 2003-இல் தொடங்கிய மாஸ்டர்பீஸ் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை வரிசை, அதே உருவத்துக்கு நிறைய மூட்டுகள் கொடுத்து என் குறையைத் தீர்த்தது.

சினிமா பாணியில் சின்னச் சின்னத் தகடுகள் அதிகம். எப்படி நிறுத்தினாலும் அழகு. ஆனால் லாரியாக மாற்ற, விளக்கத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "அண்ணா, அந்தச் சிக்கல்தானே சுகம்!" என்பான் தம்பி. அவன் பத்து வயதில் பார்த்தது அந்த உருவம், அதனால் அவனுக்கு அதுதான் பிரைம்.

காராக மாறும் ரோபோ பம்பிள்பீயிலும் இதே கதை. எனக்குக் குட்டி பீட்டில் கார், அவனுக்கு மஞ்சள் கமாரோ கார். அந்த உருண்டைக் காரை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.